சமூக ஊடகத்தில் நன்கொடை திரட்டுவது எப்படி? முதன்முறை இறங்குகிறவர்களுக்கான வழிகாட்டி

ஒருவருக்கு அவசர அறுவை சிகிச்சை. ஒரு பள்ளிக்குக் கூரை. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு உடனடி உதவி. காரணம் எதுவானாலும், "ஃபேஸ்புக்கில் போட்டால் பணம் வந்துவிடும்" என்ற நம்பிக்கையில்தான் பலரும் தொடங்குகிறார்கள். பதிவு போட்டதும் நிறையப் பேர் கைகூப்பும் சின்னம் இடுகிறார்கள், சிலர் பகிர்கிறார்கள். ஆனால் பணம் அனுப்புகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சிலர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் உங்களை நேரில் அறிந்தவர்களாக இருப்பார்கள். உங்கள் பேச்சில் நம்பிக்கை வைத்துக் கொடுத்தவர்கள். முன்பின் தெரியாதவர்கள் கடைசியில்தான் வருவார்கள், அதுவும் தெரிந்தவர்கள் ஏற்கெனவே கொடுத்திருப்பதைப் பார்த்த பிறகு. ஆகவே நிதி திரட்டலில் பாதி வேலை முதல் பதிவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதி பணம் வந்த பிறகு இருக்கிறது. நடுவில் பதிவு போடும் வேலை நாம் நினைப்பதைவிடச் சிறியது.

முதலில் எழுதிவைக்க வேண்டியது

பணம் யாருக்கு, எதற்கு, எவ்வளவு, யார் கையில் போகும், மிஞ்சினால் என்ன, போதாவிட்டால் என்ன. இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் எழுதாமல் ஒரு வரிகூடப் பொதுவில் போடாதீர்கள். மனத்தில் இருக்கிறது என்பது போதாது. எழுத்தில் இருக்க வேண்டும், அந்த எழுத்து நன்கொடைப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. காட்டுத்தீ நாட்டை வதைத்துக்கொண்டிருந்தபோது நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் ஃபேஸ்புக்கில் ஒரு நிதி திரட்டலைத் தொடங்கினார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஊரகத் தீயணைப்புப் படைக்கான அறக்கட்டளையைப் பயனாளியாகக் குறிப்பிட்டிருந்தார். உலகெங்கும் இருந்து 5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் குவிந்தது. தொகை இவ்வளவு பெரிதானதும், பிற மாநிலங்களுக்கும், காயமடைந்த விலங்குகளுக்கும், வீடிழந்தவர்களுக்கும் பகிர்ந்து தரலாம் என்று பேச்சு எழுந்தது. கொடுத்தவர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த அறக்கட்டளையின் ஆவணம் தீயணைப்புப் படையின் தேவைகளை மட்டுமே அனுமதித்தது. விவகாரம் நீதிமன்றம் போனது. வேறு அறநிறுவனங்களுக்கு அந்தப் பணத்தைத் தர முடியாது என்று 2020 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லோர் மனமும் நல்ல மனம்தான். ஆனாலும் பணம் போகும் இடத்தைத் தீர்மானித்தது, தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த அந்த ஒரு பெயர்தான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு மேலே போவோம். ஒரு பள்ளியில் செவித்திறன் குறைந்த 12 பிள்ளைகளுக்குக் காதில் பொருத்தும் கேட்புக் கருவி வாங்க வேண்டும். "செவித்திறன் குறைந்த குழந்தைகளின் நலனுக்காக" என்று எழுதினால் அது அழகாக இருக்கும், ஆனால் ஒருவரையும் கட்டுப்படுத்தாது. இப்படி எழுதுங்கள்: "12 பிள்ளைகளுக்குக் கேட்புக் கருவி, பொருத்தும் செலவு, ஓராண்டுக்கு பேட்டரி. பணம் பள்ளியின் கணக்குக்கே போகும். எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாவிட்டால், மருத்துவர் தரும் வரிசைப்படி முடிந்தவரை வாங்குவோம். மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்கான பேட்டரிக்கும் பழுதுபார்ப்புக்கும் வைப்போம்." இதைப் படிப்பவர் கேட்கக்கூடிய கேள்விகளில் முக்கால்வாசி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இதோடு இன்னொன்று: சம்மதம். யாருக்காகத் திரட்டுகிறீர்களோ அவருக்கு இது தெரிய வேண்டும், அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பனின் நோய்ச் செய்தியை அவனிடம் சொல்லாமல் நல்ல எண்ணத்தில் ஊருக்கெல்லாம் அறிவித்தவர்கள் உண்டு. என்னென்ன சொல்லலாம், எந்தப் படம் போடலாம், என்ன சொல்லவே கூடாது என்று உட்கார்ந்து பேசி, அவர் கையால் ஒரு குறுஞ்செய்தியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் சம்மதமும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பத்தாண்டு கழித்துத் தன் பெயரைத் தேடும்போது அந்தப் பிள்ளைக்கு முதலில் கண்ணில் படப்போவது உங்கள் பதிவாக இருக்கலாம்.

பணம் எந்த வழியில் வரவேண்டும்

மூன்று வழிகள் உண்டு.

பதிவு பெற்ற ஓர் அறநிறுவனம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால், அதன் பெயரில் அதன் கணக்குக்கே திரட்டிக்கொடுப்பது எளிது, பாதுகாப்பும் கூட. பல நாடுகளில் வரிச்சலுகைக்கான ரசீது இப்படிப்பட்ட நிறுவனம் மட்டுமே தர முடியும். ஆனால் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்: நாங்கள் திரட்டும் பணத்தைக் குறிப்பிட்ட இந்தச் செலவுக்கென்றே ஒதுக்குவீர்களா, இல்லை பொது நிதியில் சேர்ப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, கோஃபண்ட்மீ, ஜஸ்ட்கிவிங் போன்ற நிதி திரட்டும் தளங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தானாகவே பதிவாகிறது, இதுவரை வந்த தொகை எல்லோருக்கும் தெரிகிறது. இவற்றில் சேரும் முன் பார்க்க வேண்டியவை: உங்கள் நாட்டில் பணத்தை எடுக்க முடியுமா, அட்டைக் கட்டணமாக எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள், கையில் வர எத்தனை நாளாகும், என்ன அடையாள ஆவணம் கேட்பார்கள். இலக்கை எட்டாவிட்டாலும் வந்தவரை தருகிற தளமா, எட்டினால்தான் தருகிற தளமா என்பதையும் பாருங்கள். சிகிச்சைக்குத் திரட்டும்போது இரண்டாம் வகைத் தளம் ஆபத்து. கிக்ஸ்டார்ட்டர் பெயர் பலருக்குத் தெரியும், ஆனால் அது படைப்புத் திட்டங்களுக்கானது, அறப்பணிக்கு நிதி திரட்ட அங்கே அனுமதி இல்லை. சில தளங்கள் நன்கொடையோடு தங்களுக்கும் ஒரு 'டிப்' சேர்த்துக் காட்டும். அது விருப்பம்தான், பூஜ்யம் ஆக்கலாம் என்பதைக் கொடுப்பவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் கோபம் உங்கள்மேல்தான் வரும்.

மூன்றாவது, தனிநபர் வங்கிக் கணக்கு. வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். அப்போதும் உங்கள் சம்பளம் வரும் கணக்கைக் கொடுக்காதீர்கள். இதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, முடிந்தால் இருவர் கையெழுத்து வேண்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள். சொந்தப் பணமும் திரட்டிய பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் நேர்மையான ஆளாலும் தெளிவான கணக்குக் காட்ட முடியாது.

எந்த வழியானாலும், பொதுமக்களிடம் பணம் திரட்டுவதற்கும், வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறுவதற்கும் பல நாடுகளில் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. தொகை பெரிதாகும் வாய்ப்பிருந்தால், தொடங்கும் முன் ஒரு கணக்காளரிடமோ வழக்கறிஞரிடமோ பேசிவிடுங்கள்.

இலக்குத் தொகை

பெரிய எண்ணைப் போட்டால் பெரிதாக வரும் என்பது தவறான கணக்கு. செலவைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு மதிப்பீட்டு ரசீதோ கடிதமோ கையில் வைத்துக்கொண்டு, கட்டணங்களுக்கான தொகையையும் சேர்த்தால் வருவதுதான் இலக்கு. ஏற்கெனவே குடும்பம் போட்ட பணம், காப்பீட்டில் வரும் பணம் எல்லாவற்றையும் கழித்துக் காட்டுங்கள். "மொத்தச் செலவு இவ்வளவு, எங்களால் முடிந்தது இவ்வளவு, குறைவது இவ்வளவு" என்று மூன்று வரியில் சொன்னால் படிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

தொகை மிகப் பெரிதென்றால் கட்டங்களாகப் பிரியுங்கள். முதலில் 4 பிள்ளைகளுக்கான கருவி, அது முடிந்ததும் அடுத்த 4. இலக்கை நெருங்க நெருங்கக் கொடுப்பவர்களின் வேகம் கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தன் பங்கு காரியத்தை முடித்துவைக்கும் என்று தெரிந்தால் கை தாராளமாகிறது. எட்டிய இலக்கைப் பின்னர் உயர்த்தலாம், தவறில்லை. 2020இல் பிரிட்டனில் தன் நூறாவது பிறந்தநாளுக்குள் தோட்டத்தில் 100 முறை நடப்பதாக அறிவித்த கேப்டன் டாம் மூர் முதலில் வைத்த இலக்கு வெறும் 1,000 பவுண்டு. சேர்ந்தது 3 கோடி பவுண்டுக்கு மேல்.

கதையை எழுதுவது

2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, ஆப்பிரிக்காவில் பசியால் வாடுகிறவர்களுக்கு அதில் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பகுதியினருக்கு லட்சக்கணக்கானோர் படும் துயரத்தின் புள்ளிவிவரம் காட்டப்பட்டது. இன்னொரு பகுதியினருக்கு மாலி நாட்டின் ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியின் படமும் நிலையும். புள்ளிவிவரம் பார்த்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் தந்தார்கள். ரோக்கியாவைப் பார்த்தவர்கள் 2.38 டாலர். மூன்றாவதாக, இரண்டையும் சேர்த்துக் காட்டப்பட்டவர்கள் தந்தது 1.43 டாலர்தான். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தைச் சேர்த்ததும் மனம் பின்வாங்கிவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. பதிவில் ஒரு மனிதரைப் பற்றிப் பேசுங்கள். உலகில் எத்தனை கோடிப் பேருக்குச் செவித்திறன் குறைவு என்ற தகவல் உண்மையாகவே இருந்தாலும் முதல் பதிவில் வேண்டாம். வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஆசிரியர் பேசுவது கேட்காது என்பதால் ஒரு பிள்ளை தினமும் முதல் ஆளாக வந்து முன்பெஞ்சைப் பிடிக்கிறது என்றால், அந்த ஒரு செய்தி போதும். மீதியைப் படிப்பவரே உணர்ந்துகொள்வார்.

ஆனால் இங்கேதான் வரம்பும் இருக்கிறது. அழும் முகம், புண், குழாய்கள் செருகிய உடல் இவற்றைக் காட்டினால் பணம் வேகமாக வரலாம். வரட்டும் என்று இறங்காதீர்கள். உங்கள் தாயின் படத்தை அந்த நிலையில் ஊரார் பகிர்வதை ஏற்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எந்தப் படம் கூடாது என்பது தெரிந்துவிடும். முகத்தை நேராகப் பார்க்கும், அவருக்கே பிடித்த ஒரு படம் போதும். மருத்துவ அறிக்கையைச் சான்றாகப் போடுவதானால் பதிவு எண், முகவரி, பிறந்த தேதி, மருத்துவமனை அடையாள எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

மிகைப்படுத்தலும் அப்படித்தான். 2017இல் அமெரிக்காவில் ஒரு காதல் ஜோடி, பெட்ரோல் தீர்ந்து நின்ற பெண்ணுக்கு வீடற்ற ஒருவர் தன்னிடமிருந்த கடைசி 20 டாலரைக் கொடுத்தார் என்ற கதையைச் சொல்லி கோஃபண்ட்மீயில் 4 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். கதை முழுக்கக் கற்பனை என்று மறு ஆண்டு அரசு வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். வழக்குகள் நடந்தன, தளம் பணத்தைத் திருப்பித் தந்தது. இப்படி ஒவ்வொரு பொய்யும் வெளிப்படும்போது அடுத்து உண்மையாகக் கேட்பவர்மேல் சந்தேகம் விழுகிறது. ஆகவே "இரண்டே நாள்தான் உயிரோடிருப்பார்" போன்ற வாக்கியங்களை, மருத்துவர் அப்படியே சொல்லியிருந்தால் ஒழிய, எழுதாதீர்கள்.

பதிவின் அமைப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. யாருக்கு என்ன தேவை என்பது முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்குக் கீழே உள்ளதை "மேலும்" என்பதைத் தொட்டால்தான் பார்க்க முடியும். பிறகு கதை. பிறகு நீங்கள் யார், அவருக்கு நீங்கள் என்ன உறவு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு செலவுக் கணக்கு, கடைசித் தேதி, லிங்க். "உதவும் உள்ளங்கள் உதவலாம்" என்று முடிக்காமல், நேராகக் கேளுங்கள்: "ஒரு பேட்டரி அட்டைக்கான தொகையானாலும் சரி, இந்த வாரத்துக்குள் அனுப்ப முடியுமா?"

பொதுவில் போடும் முன் தனியாகக் கேளுங்கள்

இந்த ஒரு படியைச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் கிடைக்கும் பலனில் பெரிய வேறுபாடு இருக்கும். நன்கொடைப் பக்கம் தயாரானதும் அதைப் பொதுவில் அறிவிக்காமல், நெருங்கியவர்கள் இருபது முப்பது பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். முடிந்தால் தொலைபேசியில் பேசுங்கள். மூன்றில் ஒரு பங்காவது சேர்ந்த பிறகு பொதுப் பதிவு போடுங்கள். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்துக்கு முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் தயக்கம்தான்.

முதலில் வரும் தொகைகள் பின்னால் வருகிறவர்களின் தொகையையும் தீர்மானிக்கின்றன. 2010 லண்டன் மாரத்தானில் அறப்பணிக்கு நிதி திரட்டி ஓடியவர்களின் நன்கொடைப் பக்கங்களை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டார்கள்: ஒரு பக்கத்தில் பெரிய தொகை ஒன்று தெரிந்தால் அதற்குப் பின் கொடுப்பவர்களும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார்கள், சிறிய தொகை தெரிந்தால் குறைத்துக்கொள்கிறார்கள். எனவே அதிகம் தரக்கூடிய இரண்டு மூன்று பேரிடம் முதலில் பேசுவது நல்லது. உங்கள் சொந்தப் பங்கை எல்லோருக்கும் முன்னால் போட்டுவிடுங்கள்.

தனிச் செய்தி எப்படி இருக்கலாம் என்றால்:

"அக்கா, நல்லா இருக்கீங்களா? ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுறேன். நான் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லித்தரும் பள்ளியில் 12 பிள்ளைகளுக்குக் காது சரியாகக் கேட்காது. கேட்புக் கருவி வாங்கப் பணம் சேர்க்கிறோம். நானும் என் பங்கைப் போட்டிருக்கேன். நாளன்னிக்கு எல்லாருக்கும் அறிவிக்கப் போறேன், அதுக்கு முன்னாடி நெருங்கினவங்ககிட்ட கேட்கிறேன். உங்களால முடிஞ்சா நாளைக்குள்ள இந்த லிங்க்கில் போடுங்க. இப்ப முடியலேன்னாலும் ஒண்ணும் இல்ல, சொல்லுங்க போதும்."

கடைசி வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். மறுக்க இடம் தராத கேள்வி உறவைக் கெடுக்கும். கொடுக்க முடியாதவரிடம் பிறகு வேறு உதவி கேட்கலாம்: அவர் அலுவலகக் குழுவில் தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதச் சொல்லலாம், அது பணத்துக்குச் சமம்.

எங்கே, எப்படிப் போடுவது

எல்லாத் தளத்திலும் கணக்குத் திறந்து ஓடாதீர்கள். உங்களை அறிந்தவர்கள் அதிகம் இருக்கும் ஒன்றிரண்டு இடம் போதும்.

வாட்ஸ்அப்தான் பலருக்கும் அதிகப் பணம் கொண்டுவரும் இடம், ஏனென்றால் அங்கே இருப்பவர்கள் தெரிந்தவர்கள். ஆனால் ஃபார்வர்டு செய்த செய்திக்கு அங்கே மதிப்புக் குறைவு. பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020இல் வாட்ஸ்அப் கட்டுப்பாடும் கொண்டுவந்தது. ஆகவே ஒரே செய்தியை நகலெடுத்து வீசுவதைவிட, ஒவ்வொரு குழுவுக்கும் அவர்களை நோக்கி இரண்டு வரி புதிதாக எழுதிப் போடுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் 'பிராட்காஸ்ட்' பட்டியல் பயன்படுத்தினால், உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். குழுவில் போடும் முன் அட்மினிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் லிங்க்கைத் தொட்டுத் திறக்க முடியாது. அதைச் சுயவிவரத்திலோ ஸ்டோரியின் லிங்க் ஸ்டிக்கரிலோ வையுங்கள். வீடியோ எடுத்தால் செங்குத்தாக, ஒரு நிமிடத்துக்குள், எழுத்து வரிகளோடு. பலர் ஒலியை நிறுத்தி வைத்துத்தான் பார்க்கிறார்கள். நீங்களே கேமராவைப் பார்த்துப் பேசுங்கள். பின்னணியில் சோக இசை வேண்டாம்.

வைரலாகும் என்று நம்பி உட்காராதீர்கள். 2014இல், தலையில் குளிர்நீரை ஊற்றிக்கொள்ளும் 'ஐஸ் பக்கெட் சேலஞ்ச்', ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காகப் போராடும் அமெரிக்க அமைப்பு ஒன்றுக்கு மட்டும் 11 கோடியே 50 லட்சம் டாலர் கொண்டுவந்தது. அதைப் போலச் செய்ய முயன்றவர்களில் அந்த உயரத்தை எட்டியவர்கள் அரிது. ஆனால் அதன் உள்ளே இருந்த ஒரு சங்கதி நமக்கும் உதவும்: குளிர்நீரை ஊற்றிக்கொண்டவர் அடுத்தவரைப் பெயர் சொல்லி அழைத்தார், ஒரு நாள் கெடு வைத்தார். "யாராவது" என்று கேட்கும்போது எல்லோரும் வேறு யாரோ செய்வார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். உங்கள் நண்பர் பணம் போட்டதும், அவரால் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய இருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பொதுவில் 'டேக்' செய்து சங்கடப்படுத்த வேண்டாம், தனியாகக் கேட்டால் போதும்.

நடுவில் வரும் தொய்வு

முதல் சில நாள் பணம் வரும், பிறகு அப்படியே நிற்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். அதே பதிவை மறுபடி மறுபடி போடாதீர்கள். சொல்லப் புதிதாக ஒன்று இருக்கும்போது போடுங்கள்: முதல் 4 கருவிகளுக்கு முன்பணம் கட்டிய ரசீது, மருத்துவர் சொன்ன தேதி, பிள்ளைகள் அளவெடுக்கப் போன நாள்.

தொய்வை உடைக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, இணைத்தொகை: "இந்த வாரம் வரும் ஒவ்வொரு நன்கொடைக்கும் சமமாக நானும் போடுகிறேன்" என்று ஒருவரை ஒப்புக்கொள்ள வைப்பது. டீன் கார்லான், ஜான் லிஸ்ட் இருவரும் 2007இல் வெளியிட்ட பெரிய கள ஆய்வில் இப்படி அறிவித்ததும் கொடுப்பவர் எண்ணிக்கை 22 சதவீதம் கூடியது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போடுவதாகச் சொன்னபோது அதற்குமேல் பலன் இல்லை. ஆகவே சமமாகப் போடும் ஆள் ஒருவர் கிடைத்தால் போதும். இரண்டாவது வழியைப் பலரும் யோசிப்பதில்லை. தளக் கட்டணம், போக்குவரத்து போன்ற செலவுகளை ஒருவர் ஏற்றுக்கொண்டால், "நீங்கள் தருவது முழுவதும் கருவிக்கே போகும்" என்று சொல்லலாம். நிர்வாகச் செலவை ஏற்கெனவே ஒருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று தெரிவித்தபோது, இணைத்தொகை அறிவித்ததைவிடவும் அதிகம் வந்தது என்று 2014இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது.

சந்தேகத்தோடு கேள்வி கேட்பவரை எதிரியாக நினைக்காதீர்கள். "உண்மையா இது?" என்று ஒருவர் கீழே எழுதினால், அதை அழிக்காமல் பணிவாகவும் விவரமாகவும் பதில் சொல்லுங்கள். கேள்வி கேட்காதவர்களும் அந்தப் பதிலைப் படிப்பார்கள். வசை மட்டும் என்றால் ஒரு முறை பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

நன்றியை அன்றன்றே சொல்லிவிடுங்கள், தனிச் செய்தியாக, பெயர் சொல்லி. பொதுவில் பெயரும் தொகையும் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தான் கொடுத்தது வெளியே தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் நாம் எண்ணுவதைவிட அதிகம்.

மோசடிக்காரர்கள் வருவார்கள்

உங்கள் பதிவு நாலு பேர் கண்ணில் படத் தொடங்கியதும், உங்கள் படத்தையும் எழுத்தையும் அப்படியே எடுத்து, கணக்கு எண்ணையோ க்யூஆர் குறியையோ மட்டும் மாற்றிப் பரப்புகிறவர்கள் கிளம்புவார்கள். படமாகப் பரவும் செய்தியில் இதைச் செய்வது மிக எளிது. ஆகவே கணக்கு விவரத்தைப் படத்துக்குள் எழுதாதீர்கள். ஒரே ஒரு அசல் பக்கம் இருக்கட்டும், எல்லாப் பதிவிலும் அந்த லிங்க் மட்டும் வரட்டும். "ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டாம், இந்தப் பதிவையே பகிருங்கள்" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். போலியைக் கண்டால் தளத்தில் புகார் செய்வதோடு, உங்கள் பக்கத்திலும் உடனே அறிவியுங்கள்.

இன்னொரு தந்திரம்: யாரோ பெரிய தொகை அனுப்பிவிட்டு, "தவறுதலாக அதிகம் போட்டுவிட்டேன், மீதியை இந்த வேறு கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்பார். பெரும்பாலும் அது திருட்டு அட்டையில் இருந்து வந்த பணம். அட்டையின் உண்மையான உரிமையாளர் புகார் செய்ததும் முழுத்தொகையும் உங்களிடமிருந்து போய்விடும், நீங்கள் திருப்பி அனுப்பியதும் சேர்ந்து நட்டமாகும். பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில், தளத்தின் மூலமாகவே திருப்புங்கள். தளத்தின் பெயரில் வந்து கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்கும் செய்திகளுக்குப் பதிலே சொல்லாதீர்கள். நிதி திரட்டத் தொடங்கும் நாளிலேயே உங்கள் எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் வசதி) இயக்கிவிடுங்கள்.

பணம் வந்த பிறகு

ஒரு எளிய அட்டவணை போதும்: தேதி, வரவு, செலவு, யாருக்கு, ரசீது எண், மீதி. முதல் நாளிலிருந்தே எழுதுங்கள், வாரக் கடைசியில் சேர்த்து எழுதலாம் என்று விடாதீர்கள். உங்களைத் தவிர இன்னொருவரும் அதைப் பார்க்கட்டும். அவர் உங்கள் குடும்பத்தில் இல்லாதவராக இருந்தால் நல்லது. முடிந்தவரை பணத்தை நேரே மருத்துவமனைக்கோ விற்பனையாளருக்கோ செலுத்துங்கள், ரொக்கமாகக் கைமாற வேண்டாம்.

இலக்கை எட்டாமல் நின்றுபோனால் வெட்கப்பட்டு மௌனமாகிவிடாதீர்கள். "இவ்வளவு வந்தது, முன்பே சொன்னபடி 7 பிள்ளைகளுக்குக் கருவி வாங்கிவிட்டோம், 5 பேருக்கு இன்னும் தேவை இருக்கிறது" என்று எழுதுங்கள். அந்தப் பதிவைப் பார்த்து மறுபடி கொடுப்பவர்கள் வருவார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது, சிகிச்சைக்குத் திரட்டிக்கொண்டிருக்கும்போதே நோயாளி இறந்துவிடுவது. அந்த நாளில் குடும்பத்தாரிடம் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் புதிய நன்கொடை வருவதை உடனே நிறுத்துங்கள். செய்தியைக் குடும்பத்தின் அனுமதியோடு ஒரு வரியில் அறிவியுங்கள். சில நாள் கழித்து, மருத்துவமனைக்குக் கட்ட வேண்டிய பாக்கியைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தை என்ன செய்யலாம் என்று குடும்பத்தோடு பேசி, கொடுத்தவர்களுக்கு எழுதுங்கள்: இன்ன காரியத்துக்குத் தர எண்ணுகிறோம், உடன்பாடு இல்லாதவர்கள் இந்தத் தேதிக்குள் சொன்னால் உங்கள் பங்கைத் திருப்பித் தருகிறோம். பலரும் திருப்பித் தர வேண்டாம் என்பார்கள். திருப்பிக் கேட்கிற சிலருக்கு மறு பேச்சில்லாமல் தந்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஓர் இறுதி அறிக்கை போடுங்கள். மொத்த வரவு, கட்டணம், ஒவ்வொரு செலவு, ரசீதுப் படங்கள், மீதி எங்கே போனது. அதைப் பக்கத்தின் மேலே 'பின்' செய்து வையுங்கள். பணம் செலுத்தும் லிங்க்கை மூடிவிட்டு, பழைய பதிவுகளிலும் "நிதி திரட்டல் முடிந்தது" என்று முதல் வரியில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு கழித்தும் யாராவது அதைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள், அதற்கும் உங்களைத்தான் கேட்பார்கள். ரசீதுகளையும் வங்கி அறிக்கையையும் உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் காலம்வரை பத்திரப்படுத்துங்கள். கருவி பொருத்திச் சில மாதம் ஆனபின், பள்ளியின் அனுமதியோடு, அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கொடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்புங்கள். அதில் மறுபடியும் பணம் கேட்காதீர்கள்.